தாத்தா துப்பாக்கி

வால்பாறை
ஞாயிறு

அன்புக் கண்ணு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். ஆனால் துப்பாக்கி விஷயம் காத்திருக்காது. மே மாதம் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். கோவை ஃபிளாட்டில் இரண்டு அலமாரிக்குத்தான் இடம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றலாம் என்கிறது 2016 ஆயுத விதி. தாத்தாவின் வெப்ளி ஸ்காட் துப்பாக்கி என் பெயருக்கு வந்தது 1994-இல். கணக்குச் சரி. என் சம்மதக் கடிதமும் உன் தம்பியின் ஆட்சேபனையில்லாக் கடிதமும் தயார். நீ பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, சென்னை கமிஷனர் ஆபீஸில் மனுப் போட வேண்டும். லைசென்ஸ் கைக்கு வரும்வரை துப்பாக்கி என்னிடம்தான் இருக்கும்.

அதன் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். 70 தோட்டாவும் உள்ளே போய் மூடிக்கொள்ளும், அதை நம்பாதே. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். தோல் பெட்டியில் வைக்காதே. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் போதும், குழலில் செம்புள்ளி விழ. எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். அதிகமானால் வழிந்து கட்டையின் கழுத்தில் இறங்கி மரம் ஊறிவிடும். மாட்டியபடி வைத்தால் குழல்வாய் கீழே இருக்கட்டும். தோல் பெட்டி பயணத்துக்கு மட்டும், கண்ணு.

உனக்கு இதெல்லாம் தெரியும். பத்து வயதிலேயே மூன்று துண்டாகக் கழற்றி மாட்டியவள். தம்பிக்கு இன்றைக்கும் முன்கட்டை மாட்ட வராது. தெரிந்தவள்தான் பதில் போடுவதில்லை.

உனக்காகத்தான் மாற்றுகிறேன் என்று எழுதினேனே, அது பாதிதான் உண்மை. ஒரு பழைய கிரீனர் துப்பாக்கி பார்த்து வைத்திருக்கிறேன், வெளிச்சுத்தியல் உள்ளது. குழலைக் கழற்றி விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. குழல்களை ஒட்டிய பற்றுவைப்பு எங்கும் விடவில்லை. ஆனால் இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், அந்தக் காலத்துக் கரும்பொடி மருந்துக்கு மட்டும் சோதித்த முத்திரை. இன்றைய தோட்டா போடவே கூடாது. சும்மா வைத்துப் பார்க்கத்தான். என்னிடம் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிளையும் சேர்த்தால் மூன்றாகிவிடும். அவசரம் அதனால்தான்.

இடமில்லை என்று சொல்லி அம்மாவின் தையல் மெஷினைப் போன மாதம் எடைக்குப் போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி சொல்லியிருப்பான். டிராயரில் இருந்த பாபின் டப்பாவை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். படிவத்தோடு சேர்த்து அனுப்பட்டுமா?

அப்பா