பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு 10 நிமிடப் பயிற்சி: வெள்ளிக்குள் பதில் போடுங்கள்

உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த 10 நிமிடப் பயிற்சியைப் பற்றி நேற்று தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தினர் ‘பர்ன் டு லேர்ன்’ என்ற பயிற்சித் திட்டத்தை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 20 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். மேல்நிலைப் பிள்ளைகள், பாடவேளையிலேயே சுமார் 10 நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நடத்தியதும் பள்ளி ஆசிரியர்களேதான். ஆறு மாதத்தில் பிள்ளைகளின் இதய, நுரையீரல் திறன் கூடியிருந்தது. கணக்கு சார் நம் பீரியடைக் கடன் வாங்கிப்போன பிறகு நமக்கு மிஞ்சுவதும் அந்த 10 நிமிடம்தானே!

முறை எளிது. 30 வினாடி முழு வேகத்தில் ஜம்பிங் ஜாக் (கை காலை விரித்துக் குதிப்பது) அல்லது ஸ்குவாட் (முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழுவது), அடுத்த 30 வினாடி மெதுவாக நடை, அப்புறம் மறுபடியும். மைதானம்கூட வேண்டாம், சுடிதாரில் இருக்கும் பெண் பிள்ளைகள் வகுப்பறையிலேயே செய்யலாம். நாடித்துடிப்பு காட்டும் ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் தேவையில்லை, சுற்று முடிந்ததும் கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி நாடி எண்ணச் சொல்லுங்கள், 16 வயதுக்கு 43 பக்கம் வந்தால் சரியான வேகம். 30தான் வருகிறது என்றால் பையன் நம்மை ஏமாற்றுகிறான்.

இதயக் கோளாறு இருப்பவர்களும் காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஆஸ்துமா பிள்ளைகள் இன்ஹேலரைக் கையில் வைத்திருக்கட்டும். மதியச் சாப்பாடு முடிந்த உடனே யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

எந்த வகுப்பு, எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் எழுதுங்கள், கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.