பிளஸ் டூ பிரிவு விழா: அரை மணி நேரம் மாணவர்களுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும் நாளில் மாணவர்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொள்ளும் படம் நாளிதழ்களில் வருவது வழக்கமாகிவிட்டது. கூடவே கண்டனமும் வரும், பள்ளி வாசலில் போலீஸ் நிற்கும். அந்த மைக்குக் காரணம் என்ன என்பது மேல்நிலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் பிரிவு உபசார விழா நடந்தே இருக்காது. நடந்திருந்தால் அதில் சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார், பொன்னாடைகள் போர்த்தப்பட்டிருக்கும், ஒரு குரூப் போட்டோ, கேசரி, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் மேடையில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டதுதான் வாசலில் மையாகக் கொட்டுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த விழாவில் அரை மணி நேரத்தை மாணவர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே கேலியாகக் கணித்துச் சொல்வதற்கு விடுங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டு மலர்களில் யார் என்ன ஆவார்கள் என்று கேலியாகச் சொல்லும் ‘வகுப்பின் ஆரூடம்’, அடுத்து வரும் வகுப்புக்கு எதை விட்டுப்போகிறோம் என்று சொல்லும் ‘வகுப்பின் உயில்’ என்று இரண்டு பகுதிகள் நெடுங்காலமாக உண்டு. நமக்கும் இது அந்நியமில்லை. ‘நல்ல காலம் பொறக்குது’ என்று வாசலில் வந்து நிற்கும் குடுகுடுப்பைக்காரரை அறியாதவர் யார்? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துரியோதனனையே நையாண்டி செய்கிறவன் அவன். நிகழ்ச்சியை நடத்த அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

நாளைச் சரியாகத் தேர்வு செய்வது முக்கியம். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச் தொடக்கத்தில் எழுத்துத் தேர்வு என்றால் ஜனவரி கடைசி வாரம்தான் தோது. மாணவர்கள் தங்கள் எதிர்காலத்தை எழுதித் தரும் சீட்டுகளைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் வாங்கிவிட்டால் பார்த்துச் சரிசெய்ய ஒரு வாரமாவது இருக்கும். கடைசித் தேர்வு நாளை நம்பி எதையும் வைக்கக் கூடாது. பலருக்குத் தேர்வு மையமே வேறு பள்ளி. பாடப்பிரிவைப் பொறுத்துத் தேர்வு முடியும் நாளும் மாறும். அன்றைக்கு முழு வகுப்பையும் ஓரிடத்தில் பார்க்கவே முடியாது.

சீட்டு என்பது ஏ4 தாளை நான்காக வெட்டினால் வரும் துண்டு. கோடு போட்ட தாள் வேண்டாம், ஜெராக்ஸில் எழுத்தைவிடக் கோடு முந்திக்கொண்டு நிற்கும். கறுப்பு பால்பாயிண்ட் பேனாதான் சரி. நீலம் வெளிறிவிடும், பென்சில் காணாமலே போகும், ஜெல் பேனா கைபட்டால் இழுவிக்கொள்ளும். சீட்டுக்கு 40 சொல்லுக்கு மேல் கூடாது. படிக்க 25 நொடி, சிரிக்க 15 நொடி. 40 பேர் உள்ள வகுப்புக்கு 27 நிமிடம் ஆகிறது.

‘உங்கள் எதிர்காலத்தை எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி வகுப்பு கலெக்டர் ஆகிவிடும், மீதியில் பாதி எஸ்.பி. ஆகிவிடும். ஒரு மாவட்டத்துக்கு இத்தனை கலெக்டர்கள் தாங்காது. அதனால் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதிப் போட வேண்டும். 2045-ல் எந்த ஊரில் இருக்கிறாய்? காலை எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறாய்? இன்றைக்கு உன்னிடம் இருக்கும் எந்தப் பழக்கம் அன்றைக்கும் போகவில்லை? மூன்றாவது கேள்வியில்தான் சிரிப்பு இருக்கிறது.

மாதிரிக்கு நாங்களே எழுதிப் பார்த்தவை சில. ‘கிருஷ்ணகிரி நகரத்தின் முதல் ஸ்டேஷன் மாஸ்டர். எட்டு மணிக்குக் கொடி அசைக்க வேண்டியவர் எட்டரைக்கு வந்து நிற்கிறார். கேட்டால், டவுன் பஸ் வரலை சார் என்கிறார்.’ மாவட்டத் தலைநகராகி இத்தனை ஆண்டுகள் கழித்தும் ரயில் நிலையம் இல்லாத ஊர் என்பதால் முதல் வரியிலேயே பெற்றோர் சிரித்துவிடுவார்கள், கடைசி வரியில் வகுப்பு சிரிக்கும். தருமபுரிப் பக்கம் இதையே இன்னும் முடியாத மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையின் முதல் பயணி என்று மாற்றிக்கொள்ளலாம். 2004-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தும் ரயிலுக்குக் காத்திருப்பது மட்டும் இன்னும் பிரியவில்லை.

இன்னொன்று: ‘பாலக்கோடு. தக்காளி விலை எந்நாளும் சரியாமல் இருக்கச் சூத்திரம் கண்டுபிடித்த மேதை. விடை சரி. ஆனால் இடையில் உள்ள படிகளைக் காட்டாததால் அரசு மதிப்பெண் தரவில்லை.’ மதிய இடைவேளையில் அடுத்தவர் டப்பாவுக்குள் கை விடுகிறவருக்கு: ‘பர்கூர் மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. வந்து இறங்கிய ஒரு லோடு தோத்தாபுரியும் கூழாகும் முன்பே உப்பு, மிளகாய்த்தூளோடு தீர்ந்துவிட்டதால் ஆலைக்கு இன்று விடுமுறை.’ ஆளை உயரத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டுப் பழைய பழக்கத்தை விட்டே காலை வாருவதுதான் இதிலுள்ள வித்தை. வெறுமனே ‘நீ உருப்பட மாட்டாய்’ என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், எழுதியவனைத் தவிர. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் கடைசி வரியை அந்த மொழியிலேயே எழுதினால் தடுக்க வேண்டாம், அரங்கில் அதற்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைக்கும்.

சீட்டு கைமாறும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. யாருடைய எதிர்காலமோ அவரே முதலில் எழுத வேண்டும். பிறகு அவர் தேர்ந்தெடுக்கும் நண்பர் அடியில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம். சீட்டு மறுபடியும் உரியவர் கைக்கே வரவேண்டும். பிடிக்காத வரியை அவர் அடிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கீழே கையெழுத்து இல்லாத சீட்டு மேடைக்குப் போகாது. வகுப்பாசிரியர் கடைசியாகப் பார்த்து நீக்க வேண்டியதை நீக்கலாம், திருத்தி மெருகேற்றக் கூடாது. வாத்தியார் கைவைத்த நகைச்சுவை அன்றே செத்துவிடும். தமிழாசிரியர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம், சந்திப்பிழையை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

நீக்க வேண்டியவை எவை? சாதி, நிறம், உடல், அப்பாவின் தொழில், அப்பாவின் குடி, யாரையும் யாரோடும் ஜோடி சேர்ப்பது, நீட் தேர்வை எத்தனையாவது முறை எழுதுகிறான் என்பது. இவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. நம் மாவட்டங்களில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘அடுத்த வருஷம் டி.சி. வாங்க வரும்போது இவள் கையில் குழந்தை இருக்கும்’ என்பது மாணவிகளைப் பற்றி மிகச் சாதாரணமாக எழுதப்படும் வரி. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத பகுதி இது. பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் 17 வயது. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வரி அவளுக்குக் கேலியாகப் படாது, வீட்டில் நடப்பது மேடையில் கேட்பதாகத்தான் படும். அதனால் திருமணம் பற்றிய வரிகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அதோடு, ஒரு மாணவியே தன் சீட்டில் ‘கல்யாணம் ஆகியிருக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தாலோ, எதிர்காலத்தைக் காலியாக விட்டிருந்தாலோ அந்தச் சீட்டைக் கட்டோடு சேர்த்துவிடாதீர்கள். தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய சீட்டு அது. தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அன்றே சொல்ல வேண்டும். விளையாட்டாகக் கேட்கிற கேள்விக்குப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பதாலேயே இந்தச் சீட்டுகளை ஆசிரியர் ஒருவர் முழுமையாகப் படித்தாக வேண்டும்.

வேறு இடத்திலும் கவனம் தேவை. ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்தாறு பேரைப் பற்றி எழுத நண்பர்களுக்கு ஒன்றுமே தோன்றாது. ‘அமைதியானவன், நல்ல பையன்’ என்று ஒப்பேற்றிவிடுவார்கள். அவர்களோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்களைக் கேளுங்கள். கண்டக்டரிடம் சில்லறைக்காக அரூர் வரை வாதாடுகிறவன் அவனாகத்தான் இருப்பான்.

உயிலுக்கு வருவோம். இதற்குப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் எழுதப்படும் தமிழ்தான் வேண்டும். ‘நாங்கள் நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிவைக்கும் உயில் சாசனம் என்னவென்றால், வடக்கே கரும்பலகை, தெற்கே கண்ணாடி இல்லாத ஜன்னல், கிழக்கே கணக்கு சார் நாற்காலி, மேற்கே தண்ணீர்க் குடம், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கடைசி பெஞ்ச் ஒன்றைப் பிளஸ் ஒன் மாணவர்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி பெஞ்சுக்கு நான்காவது கால் இல்லை என்பது தவிர வேறு வில்லங்கம் ஏதும் இல்லை.’ வகுப்புக்கு ஓர் உயில் போதும், இரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். உயிலில் எழுதிய பெஞ்சில் காம்பஸால் பெயரையும் செதுக்கிவிட்டுப் போவார்கள், முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள்.

மேடையில் நேரம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால் நடையில்தான் போகிறது. ஒவ்வொருவரும் எழுந்து மேடைக்கு வந்து போக 20 நொடி என்றால் 40 பேருக்கு 13 நிமிடத்துக்கு மேல் வீண். சீட்டுகளைப் படிக்கும் இருவர் மட்டும் மேடையில் இருக்கட்டும், பெயர் கேட்டதும் உரியவர் தன் இடத்திலேயே எழுந்து நின்றால் போதும். படிப்பவர்கள் முதலில் தங்கள் சீட்டைப் படித்துவிட வேண்டும், கட்டியங்காரனுக்கு அதுதான் முறை. ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்ட ஆசைப்படுவார்கள். அந்த ஆசிரியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளட்டும், ஆசிரியர்களும் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நிகழ்ச்சியை விருந்தினர் பேச்சுக்கு முன்னால் வைப்பதே புத்திசாலித்தனம். பின்னால் வைத்தால் பேச்சு நீளும், நாலேகால் பஸ் போய்விடும் என்று பாதிப் பேர் பையைத் தூக்கிவிடுவார்கள். செல்போன் வீடியோ வேண்டவே வேண்டாம். வகுப்புக்குள் சிரிப்பாக இருந்தது, பத்து நொடி வெட்டாக வாட்ஸ்அப்பில் சுற்றும்போது அவமானமாகிவிடும்.

வீடியோவுக்குப் பதில் கையில் கொடுக்க ஒரு கையெழுத்து இதழ் போதும். பக்கத்துக்கு நான்கு சீட்டு ஒட்டினால் 40 சீட்டுக்கு 10 பக்கம். அட்டை, உயில் இரண்டு, ஆசிரியர்கள் ஒன்று, குரூப் போட்டோ ஒன்று, கையெழுத்து வாங்கப் பின்னட்டை ஒன்று என்று சேர்த்தால் 16. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது வெற்றுப் பக்கம் துருத்தும். ஏ4 பக்கத்தை 71 சதவீதமாகச் சுருக்கினால் பாதித் தாளுக்குள் அடங்கும். ஆகவே ஒரு பிரதிக்கு நான்கு ஏ4 தாள், இருபுறமும். ஜெராக்ஸ் கடையில் குழப்பம் வருவது பக்க வரிசையில்தான். ஒரே முகத்தில் பக்கம் பக்கமாக வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17 ஆக இருக்க வேண்டும்: 16-ம் 1-ம், அதன் பின்புறம் 2-ம் 15-ம், அடுத்த தாளில் 14-ம் 3-ம், பின்புறம் 4-ம் 13-ம், இப்படியே நடுவில் 8-ம் 9-ம் வரை. முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்த பிறகு மீதியைப் போடச் சொல்லுங்கள். மடிப்பில் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. மூன்று துளை போட்டு ஊசிநூலால் தைத்துவிடலாம்.

சட்டையில் எழுத வேண்டும் என்ற ஆசைக்கும் வழி இருக்கிறது. நான்கு முழ வெள்ளை வேட்டி ஒன்றை மேசையில் விரித்துப் பெர்மனென்ட் மார்க்கர் கொடுங்கள். சுவரில் தொங்கவிட்டால் துணி நழுவி எழுத்து கோணும். அடியில் அட்டை வைக்க மறந்தால் மேசை முழுக்கக் கையெழுத்து இறங்கிவிடும், தலைமையாசிரியருக்கு அடுத்த ஆண்டு அனுமதி கொடுக்க மனம் வராது.

செலவு? ஒரு புறத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் ஒரு பிரதி 12 ரூபாய். ஆசிரியர்கள், நூலகம் உட்பட 50 பிரதிக்கு 600. வேட்டியும் மார்க்கரும் தனி. பணம் இல்லை என்று சொல்லும் பள்ளிகள் இந்த ஒரு வருடம் பொன்னாடையை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி.