மாறி விழும் எழுத்துகள் பற்றி இளங்கோவுக்கு

கும்பகோணம்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். ஜெர்மனியில், லைப்சிக்கில் நீ வாங்கிய பழைய மடிக்கணினியில் எழுத்துகள் மாறி விழுகின்றன என்றும், கடையில் காட்டியதற்கு விசைப்பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாக ஒருமுறை படித்துவிடு. தொலைபேசியில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி வேலை நேரத்தில் நினைவுக்கு வராது என்பதால்தான் எழுதி அனுப்புகிறேன்.

நீ சொன்னவற்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று குறைகள் தெரிகின்றன. ஒய் அடித்தால் இசட் விழுகிறது, @ குறி கிடைக்கவில்லை, கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்பது ஒன்று. தமிழில் அடித்தால் வேறு எழுத்து வருகிறது என்பது இரண்டாவது. தேநீர் சிந்திய பிறகு சில விசைகளில் கூடவே இன்னோர் எழுத்தும் சேர்ந்து விழுகிறது என்பது மூன்றாவது. இவை எல்லாவற்றையும் ஒரே கோளாறு என்று நீயும் எடுத்துக்கொண்டாய், கடையிலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரல் விசையைத் தொடுவதற்கும் திரையில் எழுத்து தோன்றுவதற்கும் இடையில் பல படிகள் உள்ளன; எந்தப் படியில் பிசகியது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.

நம் பயிலகத்தில் உள்ள தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் அதோடு பிணைந்த கம்பி எழும்பி, அதன் நுனியில் வார்த்திருக்கும் எழுத்து நாடாவின் மேல் அடிக்கும். அங்கே ‘க’ விசையை அழுத்தி ‘ப’ விழுவதற்கு வழியே இல்லை. இரண்டு கம்பிகள் சிக்கிக்கொள்ளலாம், எழுத்து மங்கலாம், அவ்வளவுதான். கணினி விசைக்கு அடியில் எழுத்து என்று எதுவும் கிடையாது. நீ அழுத்தியதும் அங்கிருந்து புறப்படுவது, எழுத்து வரிசைகளில் முதலாவதில் ஆறாம் இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்று அறிவிக்கும் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரிய எழுத்து எது என்பதை, இயங்குதளம் தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. விசையின் மேல் அச்சிட்டிருப்பது நம் கண்ணுக்காக மட்டுமே. கணினி அதைப் பார்ப்பதில்லை.

இப்போது உன் முதல் குறைக்கு வருகிறேன். ஒய்யும் இசட்டும் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறி, மற்ற எழுத்துகள் அனைத்தும் ஒழுங்காக விழுந்தால், அங்கே வாங்கிய கணினியில் அது பெரும்பாலும் ஜெர்மன் அட்டவணைதான். ஜெர்மன் மொழியில் இசட் அடிக்கடி வரும், ஒய் பெரும்பாலும் பிறமொழிச் சொற்களில்தான் வரும். ஆகவே அங்கே அந்த இரண்டும் இடம் மாறி அமைந்தன. நீ விசையைப் பார்க்காமல் அடிக்கக் கற்றவன் என்பதால், உன் விரல் பழகிய இடத்துக்குப் போகிறது, கணினி ஜெர்மன் கணக்குப்படி எழுத்தைத் தருகிறது. கண்ட்ரோலுடன் இசட் அழுத்தினால் செய்தது நீங்குவதற்குப் பதில் நீக்கியது திரும்பி வருகிறது என்றாயே, அதற்கும் இதுவே காரணம்; உன் விரல் தொட்டது அங்கே ஒய்யின் இடம். @ குறி அந்த அட்டவணையில் ஷிப்ட்டுடன் இரண்டாம் எண் விசையில் இல்லை. வலப்பக்கம் ‘ஆல்ட் ஜிஆர்’ என்று அச்சிட்ட விசையோடு கியூவை அழுத்த வேண்டும். ஷிப்ட்டுடன் இரண்டை அழுத்தினால் அங்கே இரட்டை மேற்கோள் குறிதான் விழும்.

விண்டோஸ் ஆங்கிலத்தில் இருக்கும்போது விசைப்பலகை மட்டும் எப்படி ஜெர்மனாக இருக்க முடியும் என்று கேட்டிருந்தாய். திரையில் காட்டும் மொழி வேறு, விசைப்பலகை அட்டவணை வேறு. ஆங்கிலம் என்ற தலைப்பின் கீழேயே ஜெர்மன் விசைப்பலகை சேர்ந்திருக்கலாம், கணினியை முதலில் வைத்திருந்தவர் அப்படித்தான் அமைத்திருப்பார். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய், அங்கே மொழிகளின் பட்டியலில் ஆங்கிலத்துக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ திறந்து, கீழே ‘கீபோர்ட்ஸ்’ என்ற தலைப்பில் என்ன இருக்கிறது என்று பார். ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையை அங்கே சேர்த்துவிட்டு, ஆங்கிலத்தின் கீழ் உள்ள ஜெர்மனை மட்டும் நீக்கிவிடு. இந்த அட்டவணையில் எழுத்துகள் நீ பழகிய இடத்திலேயே இருக்கும். ஆல்ட் ஜிஆருடன் நான்கை அழுத்தினால் ₹ குறியும் கிடைக்கும்.

ஜெர்மன் மொழியை முற்றிலும் எடுத்துவிடாதே. அங்குள்ள அலுவலகப் படிவங்களில் பெயரும் முகவரியும் சரியாக எழுத வேண்டுமே. தெரு என்பதற்கு அவர்கள் எழுதும் சொல்லிலேயே, பார்வைக்கு நம் ஆங்கில பி போல இருக்கும் அந்த இரட்டை எஸ் எழுத்து வருகிறது. அது கிடைக்காத இடத்தில் எஸ் இரண்டு போடுவதும், மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துக்குப் பதில் புள்ளியில்லாத எழுத்தைப் போட்டு அதன் பின்னால் ஆங்கில ஈ சேர்த்து எழுதுவதும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தான் என்றாலும், முறையான எழுத்து கைவசம் இருக்கும்போது அதையே எழுதுவது நல்லது. எனவே ஜெர்மனைத் தனி மொழியாகச் சேர்த்து வைத்துக்கொள். வேண்டியபோது விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று சரியாக இருந்தது, இன்று மாறிவிட்டது என்று நீ குழம்பியதற்கும் காரணம் உண்டு. இடப்பக்க ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறும். கண்ட்ரோலும் ஷிப்ட்டும் சேர்ந்தால் அதே மொழிக்குள் விசைப்பலகை மாறும். வேகமாக அடிப்பவர்களுக்கு இது தெரியாமல் நேர்ந்துவிடும். ‘டைப்பிங்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் இந்தக் குறுக்குவிசைகளை நிறுத்திவிட வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளும் தேர்வும் அதே இடத்தில் இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் உலாவியில் ஒழுங்காக அடிப்பதும் வேர்டில் மாறி விழுவதும் இயல்பே.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. உள்நுழையும் திரையில் வலப்பக்கக் கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் போன்ற குறியை அழுத்தி, நீ அடிப்பது உண்மையில் என்னவாக விழுகிறது என்று பார்த்த பிறகு என்டர் கொடு. புள்ளிகளையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளக் கூடும்.

அந்த ஊர் விசைப்பலகையின் அமைப்பும் சற்று வேறு. இடப்பக்க ஷிப்ட் குட்டையாக இருக்கும்; அதற்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நம் ஊரில் இல்லாத ஒரு விசை நுழைந்திருக்கும். நம் சுண்டுவிரல் ஷிப்ட் என்று நினைத்து அதைத் தொட்டுவிடும். ஆங்கில அட்டவணையில் அப்போது இடப்பக்கம் சாய்ந்த கோடு விழும். அது பழுதில்லை, கொஞ்ச நாளில் விரல் கற்றுக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே நான்கு, ஐந்து, ஆறு என்று எண்கள் விழுந்தால் ‘நம் லாக்’ என்ற எண்பூட்டு இயங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது தமிழ். இதைத்தான் நீ சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் தாத்தாவுக்கு நீ ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினால் அவருக்குப் படிக்க வருவதில்லை. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கிறது. ஆனால் தமிழைச் சேர்க்கும்போது அதே பட்டியலில் இன்ஸ்கிரிப்ட் என்ற வேறோர் அமைப்பும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கும். எது இயங்குகிறது என்று அறிய எளிய வழி சொல்கிறேன். வலக்கை ஆள்காட்டி விரல் தங்கும் ஜே விசையை அழுத்து. ‘ப’ விழுந்தால் தமிழ்99, ‘ர’ விழுந்தால் இன்ஸ்கிரிப்ட். உனக்கு ‘ர’ விழுகிறது என்று நீ அனுப்பிய வரியைப் பார்த்தாலே தெரிகிறது. ‘பாட்டி’ என்று நீ அடித்த சொல் ரகரத்தில்தான் தொடங்கியிருந்தது.

தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்த பிறகும், ஜெர்மன் அச்சு உன்னைக் குழப்பும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும் அமைப்பு அது. அந்த ஊர் விசைப்பலகையில் புள்ளி எழுத்துகள் எல்லாம் வலப்பக்க ஓரத்தில் குவிந்திருக்கின்றன. எனவே இடத்தை மட்டும் நினைவில் கொள். மேலே இரண்டு புள்ளி வைத்த யூ அச்சிட்ட விசை ‘ச’, அதற்கு வலப்புறம் கூட்டல் குறி உள்ளது ‘ஞ’, புள்ளி வைத்த ஓ ‘ந’, புள்ளி வைத்த ஏ ‘ய’, கழித்தல் குறி உள்ளது ‘ழ’, இசட் என்று அச்சிட்ட விசை ‘ள’. இந்த ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்; அடிக்கடி வரும் மற்றவை உனக்கு இங்கே பழகியபடியே இருக்கும். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. அது கண்ணைக் கீழே இழுத்துப் பழைய பயிற்சியைக் கெடுத்துவிடும்.

மூன்றாவதாகச் சொன்னாயே, அது மட்டும்தான் உண்மையில் கருவியின் பழுது. சென்ற மாதம் நம் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மேசையில் இருந்த விசைப்பலகை இப்படித்தான் செய்தது. ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தது. திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய நெகிழித் தாள்கள் இருந்தன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி நிறத்தில் மயிரிழை போன்ற கோடுகள். நடுத் தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை. விசையை அழுத்தினால் அந்தத் துளை வழியே மேல் கோடும் கீழ்க் கோடும் தொட்டுக்கொள்ளும். எந்தக் கோடு எதைத் தொட்டது என்பதை வைத்தே விசையின் இடம் கணக்கிடப்படுகிறது. ஒரு மூலையில் காய்ந்த தேநீர்க் கறை இரண்டு கோடுகளின் மேல் பரவி அவற்றை இணைத்திருந்தது. அந்தக் கோடுகளில் எதன்மேல் அமர்ந்த விசையை அழுத்தினாலும் இரண்டு இடங்களும் சேர்ந்தே தெரிந்தன. ஆகவே உனக்கும் எந்தெந்த விசைகள் இரட்டிக்கின்றன என்று குறித்துப் பார்த்தால், அவை ஏதோ ஒரு கோட்டைச் சேர்ந்த கூட்டமாக இருப்பது தெரியும்.

இதை உறுதி செய்ய, விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை தோன்றும். அதை எலியால் சொடுக்கி அடித்தால் சரியாக விழுந்து, கையால் அடித்தால் இரட்டித்தால், பழுது மடிக்கணினியின் விசைப்பலகையில்தான். யாரிடமாவது ஒரு யுஎஸ்பி விசைப்பலகையை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தால் இன்னும் தெளிவாகிவிடும். பழுது என்று தெரிந்தாலும் நீயாகவே விசைகளைப் பெயர்த்து எடுக்காதே. மடிக்கணினி விசைகளுக்கு அடியில் உள்ள கத்தரி போன்ற பிடிகள் மிகவும் மெல்லியவை, ஒடிந்தால் திரும்பப் பொருந்தாது. கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியையும் எடுத்துவிட்டு, சாய்த்துப் பிடித்துக் காற்றுக் குப்பியால் ஊதி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து விசைகளின் ஓரத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு இயக்கிப் பார். சர்க்கரை போட்ட தேநீர் என்பதால் ஒருவேளை முழுவதும் நீங்காமல் போகலாம்.

அப்போதும் உடனே மாற்றக் கொடுக்காதே. பல மடிக்கணினிகளில் விசைப்பலகையை மேல்மூடியோடு சேர்த்து அறைந்திருப்பார்கள். அதை மாற்றும் கூலியைவிட ஒரு நல்ல யுஎஸ்பி விசைப்பலகை மிகவும் மலிவு, உன் மணிக்கட்டுக்கும் அதுவே நல்லது. ஆய்வேடு முடியும்வரை அதை வைத்து வேலை செய். மாற்றியே ஆக வேண்டும் என்றால் உயரமான என்டர் விசையுள்ள அதே வடிவத்தைக் கேட்டு வாங்கு, நம் ஊர் வடிவம் அந்தச் சட்டத்தில் பொருந்தாது.

இவற்றை முடித்த பிறகு, நோட்பேடைத் திறந்து, பயிலகத்தில் அனைவரையும் அடிக்கச் சொல்வோமே, அந்தப் பழுப்பு நரி சோம்பேறி நாயைத் தாண்டும் ஆங்கில வாக்கியம், அதை ஒருமுறை அடி. இருபத்தாறு எழுத்துகளும் அதில் வந்துவிடும். அடுத்த வரியில் எண்களை ஷிப்ட் இல்லாமலும் ஷிப்ட்டுடனும், அதற்கடுத்த வரியில் தமிழில் உன் பெயரையும் ஊரையும் அடித்து, எதையும் திருத்தாமல் அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்பு. எந்த எழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் இருப்பது எந்தக் கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதற்கு முன் கடைக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா