48க்கு 4: செயலாளரின் ஆண்டறிக்கை (2020 ஏப்ரல் – 2022 மார்ச்)

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு பொதுக்குழுவைக் கூட்ட முடியாததால் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறிக்கையாக வைக்கிறேன். நம் திரைப்படச் சங்கத்தின் விதிப்படி மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறு மாலைகளில் படம் திரையிட வேண்டும். அப்படியானால் 48 திரையிடல்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை 4.

கடைசியாக நாம் கவலையில்லாமல் கூடியது 2020 மார்ச் 8, மகளிர் தினத்தன்று. அதற்கு முந்தைய நாள்தான் தமிழகத்தில் முதல் கொரோனா தொற்று உறுதியாகியிருந்தது. படம் முடிந்து மாடிப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தும்மினார், எல்லோரும் சிரித்தோம். 17ஆம் தேதி திரையரங்குகள் மூடப்பட்டன. நமது அடுத்த ஞாயிறான மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாளாகிவிட்டது. மூன்று நாளில் நாடே அடைந்துவிட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கும் நமக்கும் முன்பகை போலவே ஆயிற்று. 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிறுகளிலும் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் அதே. மூன்றாம் அலையில், இனி ஒன்றும் ஆகாது என்று நம்பி 2022 ஜனவரி 9 என்று நாள் குறித்து அழைப்பும் அனுப்பியாயிற்று. அன்றும் முழு ஊரடங்கு. இதனால் திரையிடலைச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. கிழமையின் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் கடை வைத்திருப்பவர்கள். சனிக்கிழமை மாலை யாரும் வர மாட்டார்கள். முடிவு பொதுக்குழுவுடையது.

இணையவழிக் கூட்டங்கள் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் ஜூமிலேயே படத்தை ஓட்டிப் பார்த்தோம். படம் விட்டு விட்டு நகர்ந்தது, ஒலி பின்னால் ஓடிவந்தது. உரிமையாளரிடம் கேட்காமல் அப்படி ஒளிபரப்புவது முறையும் அல்ல என்று துணைத்தலைவர் எடுத்துச் சொன்னார், நிறுத்தினோம். பிறகு அவரவர் வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுவது என்று ஏற்பாடு. இலவசக் கணக்கு என்பதால் நாற்பதாவது நிமிடத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும். நமது நண்பர்களோ முப்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் சூடுபிடிப்பவர்கள். இரண்டாவது இணைப்பை அனுப்பினால் பாதிப்பேர் திரும்ப வருவதில்லை. ஸ்மார்ட்போன் இல்லாத மூத்த உறுப்பினர்கள் தொடக்கத்திலிருந்தே வெளியில் நின்றார்கள். ஆறு கூட்டங்களுக்குப் பிறகு நானும் தலைவரும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அதை முடித்துக்கொண்டோம். இணையவழிப் பிரிவு ஒன்றை நிரந்தரமாகத் தொடங்கலாம் என்ற யோசனையை நான் எதிர்ப்பதற்கு அந்த மாலை போதும்.

அந்த மாதங்களில் உருப்படியாக நடந்தது ஒரே ஒரு வேலை. 2020 நவம்பர் 15, தீபாவளிக்கு மறுநாள், வங்காள நடிகர் சௌமித்ர சாட்டர்ஜி காலமானார். அவர் நடித்த முதல் படம் இயக்குநர் சத்யஜித் ரேயின் ‘அபுர் சன்சார்’, 1959. ரேயின் நூற்றாண்டும் நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் படத்துக்குத் தமிழில் வசனவரி (சப்டைட்டில்) எழுதுவது என்று இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். ஆங்கில வசனவரியிலிருந்து எழுதத் தொடங்கி முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். வங்காளத்தில் ஆப்னி, துமி, துய் என்று முன்னிலைக்கு மூன்று படிகள். ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாக்கித் தட்டிவிடுகிறது. படத்தின் நாயகி அபர்ணா, கணவன் அபுவை நீ என்பாளா, நீங்கள் என்பாளா? அவளது மாமியார் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் மூன்று நாள் வழக்கு நடந்தது. கொல்கத்தாவில் வங்கி வேலை பார்த்த ஒரு நண்பர் தொலைபேசியில் காட்சி காட்சியாகக் கேட்டுத் தீர்த்துவைத்தார். அடுத்த சிக்கல் நீளம். நம் வினைச்சொல் ஒன்றே திரையின் பாதியை அடைத்துவிடுகிறது. படித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடுகிறது. சிகரெட் பெட்டிக்குள் அவள் எழுதிவைத்திருக்கும் சீட்டின் ஒற்றை வரியை மட்டும் பதினொரு தடவை மாற்றி எழுதினார்கள். அந்தப் பதினொன்றும் கோப்பில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.

2021 பிப்ரவரியில் இரண்டு திரையிடல்களை நடத்தினோம். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி, நெற்றியில் வெப்பமானி, முகக்கவசத்தோடு விவாதம். யார் பேசுகிறார் என்றே பல நேரம் தெரியவில்லை. பிப்ரவரி 14 அன்று, ரேயின் நூறாவது பிறந்தநாளான மே 2 அன்றே ‘அபுர் சன்சார்’ என்று கைதட்டி முடிவெடுத்தோம். பன்னிரண்டு நாள் கழித்துத் தேர்தல் ஆணையம் அதே மே 2ஐ வாக்கு எண்ணிக்கை நாளாக அறிவித்தது. அதையாவது சமாளித்திருப்போம். அன்று ஞாயிறு, முழு ஊரடங்கு.

அந்த மே மாதம் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. நம் உறுப்பினர்கள் மூவரை இழந்தோம். அவர்களில் ஒருவர் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து மனிதர். எப்போதும் கடைசி வரிசையில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். ரீல் மாற்றும் வேலை இல்லாமல் படம் பார்ப்பது தனக்குப் பழகவே இல்லை என்பார். கைகள் சும்மா இருக்காமல் மடியில் ஏதாவது ஒரு துணியை மடித்துக்கொண்டே இருக்கும். மூவரின் குடும்பங்களுக்கும் இரங்கல் கடிதம் அனுப்பப்பட்டது. நேரில் போக முடியவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். மூடியிருந்த மாதங்களுக்கும் முழு வாடகை வேண்டும் என்று நாம் படம் திரையிடும் மாடியின் உரிமையாளர் கேட்டார். நாலு முறை போய்ப் பேசிப் பாதியாகக் குறைத்தோம். அந்தப் பாதியும் நம் கையிருப்பைத் துடைத்துவிட்டது. ஆகவே 2019–20 சந்தாவே இரண்டு ஆண்டுகளுக்கும் செல்லும் என்று செயற்குழு எடுத்த முடிவு இந்த ஆண்டோடு முடிகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி மாவட்டப் பதிவாளரிடம் தர வேண்டிய கணக்குகள் தாமதமாகத்தான் தரப்பட்டன. அந்தத் தவறு என்னுடையது.

2022 மார்ச்சில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மாடியைத் திறந்தோம். திரைத்துணியின் ஓரத்தை எலி கடித்திருந்தது. புரொஜெக்டரின் காற்றுத் துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். நம் சங்கத்தில் அது யாருக்கு என்று துணைத்தலைவர் கேட்டார். ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்து, வடிகட்டியைத் தட்டி, விளக்கைப் போட்டால் எரிந்தது. மார்ச் 13, இரண்டாம் ஞாயிறு, ‘அபுர் சன்சார்’ தமிழ் வசனவரிகளோடு ஓடியது. அபுவும் அபர்ணாவும் திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் திரை அப்படியே குதிரை வண்டியின் ஜன்னலாக மாறும் இடத்தில் எனக்குப் பின்னால் யாரோ ‘ஆகா’ என்றார். ஜூமில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 27ஆம் தேதியும் திரையிடல் நடந்தது. அன்று கூட்டம் குறைவு.

புதிய நிர்வாகிகள் தேர்வு உணவு இடைவேளைக்குப் பிறகு நடைபெறும். செயலாளர் பதவிக்கு என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம். நாற்காலி அடுக்க இருந்த தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது அவரவர் நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்