வலை கட்டியவரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழில், புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் லான் பவுல்ஸ் வீரர் ஒருவரின் நீண்ட ஆட்டக்காலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் ஜெயித்த கோப்பைகளுக்கு இரண்டு பக்கம், தன் கிளப்புக்கு அவர் உழைத்ததற்குக் கடைசியில் இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரியில் இருந்ததைத்தான் விரிவாகப் படிக்க வேண்டும் போலிருந்தது.

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்களே, அன்றுதான் எங்கள் வீட்டில் இந்த ஆட்டம் தெரிய வந்தது. பந்து சீரான உருண்டை அல்ல. நேராக உருட்டிவிட்டாலும் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். குறைந்தது 23 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்னப் பந்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். புல்லை ஒட்ட வெட்டி, உருளை ஓட்டி, தண்ணீர் காட்டி வைத்தால்தான் பந்து சொன்னபடி கேட்கும். ஸ்காட்லாந்தின் லான் பவுல்ஸ் வீரர் வில்லி வுட் காமன்வெல்த் போட்டிகளில் 1974-ல் ஆடத் தொடங்கி, 2010-ல் டெல்லி வந்து தன் 72-வது வயதில் ஆடினார். இந்தியா லான் பவுல்ஸில் முதன்முதலாக இறங்கியதும் அதே டெல்லிப் போட்டியில்தான். ஒருவர் அத்தனை வருஷம் ஆடினார் என்றால், அத்தனை வருஷமும் யாரோ புல்லைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

சேலத்தில் எங்களுக்கு வாய்த்தது செம்மண் தரையும் பூப்பந்தும் (பால் பேட்மிண்டன்). அம்மாபேட்டையில் நாங்கள் ஆடிய காலத்தில் கிளப்பை நடத்தியவர் பட்டு நெசவாளர். எங்களுக்கு அவர் 'செயலாளர் மாமா'. நல்ல ஆட்டக்காரர். ஐந்து பேரில் நடு ஆளாக நின்று, ஐம்பது வயதுக்கு மேலும் எங்களுக்கு ஈடுகொடுத்து ஆடினார். விடிவதற்குள் வந்து தரைக்குத் தண்ணீர் தெளித்து, ஆணியடித்துக் கயிறு பிடித்து, 24 மீட்டருக்கு 12 மீட்டர் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். நாங்கள் வரும்போது வலை கட்டியிருக்கும்.

பூப்பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது. எடை 30 கிராமைத் தாண்டாது. நாலு நாள் அடித்தால் நூல் பிரிந்து பிசிறு கிளம்பிவிடும். புதுப் பந்துக்குக் காசு ஏது? ராத்திரி தறியை நிறுத்திய பிறகு, புடவையில் நூல் வெட்டும் அதே சின்னக் கத்தரியால் ஒவ்வொரு பந்தாகச் சுற்றிச் சுற்றிப் பிசிறு வெட்டுவார். ஒரு மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு ஆடப் போனோம். பனிமூட்டத்தில் கம்பளி நனைந்து பந்து கனத்துவிட்டது. அடித்தால் வலையைத் தாண்டவில்லை. மாமா பந்துகளைத் துண்டில் முடிந்து டீக்கடை அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்தார். அப்புறம்தான் ஆட்டம் நடந்தது.

அவர் ஆடிய கடைசிப் போட்டி ஒன்றில் மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மாமா அந்த நேரத்தில் மைதானத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சின்னப்பம்பட்டி நடராஜன் தனக்கு வழிகாட்டியவரின் பெயரெழுத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியதை நாடே பார்த்தது. 2023-ல் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானமும் திறந்தார். இந்திய அணிக்குப் பந்து வீசியவர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தரை போட்டுத் தருகிறார் என்பது, அவர் எடுத்த விக்கெட்டுகளுக்குக் குறையாத செய்தி என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இது. விளையாட்டுப் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுங்கள். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பூப்பந்து, கபடி, கைப்பந்து என்று நாற்பது வருஷம் ஆடிக்கொண்டே கிளப்பையும் தாங்கியவர்களில் பலர் இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

மாமா இப்போது இல்லை. அவர் எழுதி வைத்த நீளக் கணக்கு நோட்டு அவர் மகள் வீட்டில் இருக்கிறது. எந்தத் தேதியில் யார் எந்த மட்டையை வாங்கிப்போனார்கள், எந்த ஊர்ப் போட்டிக்கு பஸ் சார்ஜ் எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. உங்கள் நிருபர் வந்தால் நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.