அல்லிராணி கட்டாத கோட்டை

முருங்கன்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். போன கிழமை போனில பேத்தி, "அம்மப்பா, அல்லிராணி எந்த அறையில படுக்கிறவா?" எண்டு கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சிட்டன். அரிப்புக் கடற்கரையில இடிஞ்சு கிடக்கிற அல்லிராணி கோட்டையை, பழங்கதையில வாற அல்லி எண்ட ராணி கட்டினவா எண்டு நீ சின்னனாய் இருக்கேக்க உனக்குச் சொன்ன கதையைத்தான் அவளுக்கும் சொல்லியிருந்தன். அது மனதுக்குள்ள குடைஞ்சுகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மோட்டார் சைக்கிளில ஏத்திக்கொண்டு அரிப்புக்குப் போட்டு வந்தன்.

பிள்ளை, அந்தக் கோட்டையை அல்லி கட்டேல்லை. வெள்ளைக்காரத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில கட்டுவிச்ச மாடி வீடு அது. முத்துக்குளிப்புக் காலத்தில வந்து தங்கிறதுக்காகக் கட்டினது. அல்லியின்ர கதை தெற்கே குதிரைமலைப் பக்கத்துக் கதை. எங்கட சனம் அவவை இங்கயும் குடியிருத்திப்போட்டுது.

நாப்பது வருஷம் மேசன் வேலை செய்தவன், இவ்வளவு காலமும் அந்தச் சுவரைக் கையால தொட்டுப் பார்க்கேல்லை எண்டது எனக்கு வெக்கமாய் இருந்தது. தூரத்தில நிண்டு பார்த்தால் கருங்கல் தூண் மாதிரித் தெரியும். கிட்டப் போனால் எல்லாம் செங்கல். வட்டத் தூணுக்குச் செங்கல்லை வளைவாய் அடுக்கி, மேல சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறாங்கள். ஒரு துண்டு சீமெந்து இல்லை. இருநூறு வருஷ உப்புக்காத்துக்குப் பிறகும் சில இடத்தில பூச்சு நகத்தால கீறினாலும் வராது. அந்தக் கைக்காரர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, தேசாதிபதியின்ர பேர்தான் நிண்டிருக்கு. கடல் பக்கம் ஒரு பகுதி இடிஞ்சு விழுந்திட்டுது. கீழ மணலுக்குள்ள பெரிய சுவர்த் துண்டு கிடக்க, அலை வந்து அடிச்சுக்கொண்டிருக்கு. ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பார்த்திட்டு, எடுத்த இடத்திலேயே வச்சிட்டன்.

அந்தக் காலத்தில இந்த வெறுங்கரை முழுக்கக் கொட்டிலாய் இருந்திருக்கும். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவை காலில கல்லுக் கட்டி இறங்கி சிப்பி எடுத்தவை. சுறா கடிக்காமல் மந்திரம் சொல்ல கடல்கட்டி எண்டு ஒரு ஆள், அவருக்கும் அரசாங்கம் கூலி குடுத்தது! அதை நினைச்சுக்கொண்டு நிண்டால் சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும்.

அரிப்புக் கோட்டை எண்டது வேற, அது சின்னது. போர்த்துக்கேயப் பறங்கியர் கட்டி, ஒல்லாந்தர் வச்சிருந்தது. கண்டியில பத்தொன்பது வருஷம் சிறையிருந்த இங்கிலாந்துக் கப்பல்காரன் றொபேர்ட் நொக்ஸ் 1679இல தப்பி, அருவியாற்றங்கரையாலே நடந்து வந்து சேர்ந்தது இங்கதான். எங்கட வயலுக்குக் கட்டுக்கரைக்குளத்தால வாற தண்ணி அதே ஆத்துத் தண்ணிதான். பத்தொன்பது எண்டு நான் சொன்னதும் அம்மா விரல் விட்டு எண்ணினா. "இவள் போய் பதினொண்டு" எண்டா. பிறகு ஒண்டும் கதைக்கேல்லை.

பேத்தியிட்ட இப்ப ஒண்டும் சொல்லாதை. நானே கூட்டிக்கொண்டு போய் அந்தத் தூணைத் தொட வச்சுச் சொல்லுறன். மாசி பங்குனியில வாங்கோ. முத்துக்குளிச்சதும் அந்த மாதங்களிலதான், கடல் அடங்கிக் கிடக்கும். சோளகக் காத்து துவங்கினால் அலை திரும்பவும் அந்தச் சுவரில ஏறும்.

அன்புடன்,
அப்பா