முதலில் பட்டையைப் பார்

போடி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. நீயும் என்னைப் போல ஒரு பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவருக்கு இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஏலத்தோட்டத்துக்கு வாரம் ஒரு முறையாவது போயாக வேண்டும் என்கிறார். அவருக்காகத்தான் போன மாதம் பத்து நாள் என் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் பட்டைதான், அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங். வயதாக ஆக, பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்புக்கட்டை மாதிரி ஆகிவிடும். அப்படியே விட்டு, பட்டையின் முனையைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் சக்கிலை மட்டும் நீளமாகப் போட்டால் உயரம் வரும், குலுக்கல் போகாது. அந்த உயரமும் சக்கில் நீளுவதில் பாதிதான். முன்பக்கச் சக்கிலை நீட்டினால் காஸ்டர், அதாவது ஸ்டியரிங்கை நேராக நிற்க வைக்கும் சாய்வு, குறைந்து ஸ்டியரிங் அலையும். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கே அலைகிற ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

நான் பட்டைகளைக் கட்டோடு இறக்கி, ஒவ்வொரு பட்டையாகக் கம்பி பிரஷால் தேய்த்து, நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினேன். பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டுவிடு, இல்லாவிட்டால் பட்டை தெறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடு. பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் புதிது, ஷாக் அப்சார்பர் நாலும் புதிது.

இன்னொன்றை மறக்காதே. இரண்டு வருடம் முன்பு வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே சக்கில் போல்டை முழுதாக முறுக்கிவிட்டேன். இறக்கியதும் பட்டை தாழ்ந்தது, ரப்பர் புஷ் முறுகியபடியே நின்றது. சில மாதத்தில் கிழிந்துபோனது. சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பட்டையை ஆக்சிலோடு (சக்கர அச்சு) கட்டும் யு-போல்டை மறுபடியும் முறுக்க வேண்டும்.

டயர் 205/70 ஆர்15 இருந்தது, கொஞ்சம் பெரிதாக 215/75 போட்டேன். ஆக்சிலுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் கூடியது, எனக்கு அது போதும். மீட்டர் 60 காட்டினால் வண்டி 63-ல் போகும், அவ்வளவுதான்.

வெளி வேலையில் நான் சேர்த்ததைவிடக் கழற்றியதுதான் அதிகம். பம்பருக்கு முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பித் தடுப்பை, பம்பர் கார்டை, எடுத்துவிட்டேன். 2017 கடைசியில் மத்திய அரசே அது சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே மனசு கேட்கவில்லை. கூரைக் கேரியரும் போனது. மேலே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும். அதற்குப் பதில் சேசிஸோடு சேர்த்து முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, டயர் வெளியே துருத்தாமல் ரப்பர் மட்கார்டு, அடிப்பகுதி முழுக்கத் துரு சுரண்டி பிரைமர். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் அடைப்பைக் குத்தி எடுத்துவிடு, துரு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருக்கிறாயே. அந்தப் பாறைப் பாதையில் தினமும் ஏறி இறங்குகிறவை, இதே மாதிரி பட்டை வண்டிகள்தான்.

போன ஞாயிறு அப்பாவைத் தோட்டம் வரை கூட்டிப் போனேன். வழியில் ஒரு தடவைகூட அவர் மேல் கம்பியைப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை நின்றதும் வண்டியோடு வா. ஸ்டாண்டு நாலு இருக்கிறது. பின்பக்கப் பட்டையை முதலில் இறக்குவோம்.

அன்புடன்,
உன் நண்பன்